கல்யாணம் முடிந்து வந்தால் ஏறுகிற இரண்டரைக் கிலோவை என்ன செய்வது?

போன வைகாசியில் தேவகோட்டையில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். அதற்கு முந்தைய இரண்டரை மாதம் வாயைக் கட்டி 74 கிலோவிலிருந்து 69.8க்கு வந்திருந்தேன், வளையலெல்லாம் கையில் தாராளமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காரைக்குடி திரும்பிய மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறினால் 72.2. இறங்கி, மெஷினை வேறு இடத்தில் வைத்து, மறுபடி ஏறினேன். அதே 72.2. கோபத்தில் இரண்டு நாள் மோரும் வெள்ளரிக்காயும் மட்டும்தான் சாப்பாடு. மூன்றாம் நாள் சாயங்காலம், கல்யாண வீட்டில் கட்டிக்கொடுத்த சீப்புச் சீடைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன், எழுந்தபோது தூக்கு காலி.

அந்த இரண்டரைக் கிலோ எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதைப் பார்த்துப் பயந்து நான் செய்த காரியம்தான் கெடுத்தது. விசேஷத்துக்குப் போய்வந்து, ஊருக்குப் பஸ்ஸில் போய்வந்து, புதிதாக நடக்க ஆரம்பித்து, மாதவிலக்குக்கு முன்னால் என்று எடை திடீரென்று ஏறி நிற்கும்போது என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 2.4 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் 18,000 கலோரிக்கு மேல், அதுவும் வழக்கமாக உடம்புக்கு வேண்டிய சாப்பாடு போக உபரியாக உள்ளே போயிருக்க வேண்டும். ஓர் இட்லிக்கு 60 கலோரி என்று வைத்தால் 300 இட்லி. நான் நன்றாகச் சாப்பிடுகிறவள்தான், கந்தரப்பத்தை எண்ணிச் சாப்பிட்ட சரித்திரம் எனக்குக் கிடையாது, ஆனாலும் மூன்று நாளில் 300 இட்லி என்பது கொஞ்சம் அநியாயம். அரைக் கிலோ கொழுப்பு சேர்ந்திருக்கலாம், சரி, ஒத்துக்கொள்கிறேன். மிச்சம்?

மிச்சத்தில் பெரும்பங்கு நீர், கொஞ்சம் வயிற்றில் இன்னும் செரிக்காமல் கிடக்கிற சாப்பாடு. நீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று உப்பு. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி ஏற்றுகிறார்களே சலைன் பாட்டில், அதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு கலந்திருக்கும். நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு ஈடாக இருக்கட்டும் என்றுதான் அந்த அளவு. உடம்பு அந்தச் செறிவை விட்டுக்கொடுக்காது. ஆகவே கூடுதலாக உள்ளே தங்கிய உப்பு ஒவ்வொரு 9 கிராமுக்கும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீரகம் அந்த உப்பை மெல்ல மெல்ல வெளியே தள்ளி முடிக்கிறவரை. அதற்குச் சில நாள் ஆகும். இரண்டாவது மாவுச்சத்து. சோறு, பணியாரம், இடியாப்பம் என்று சாப்பிடுவதில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது, ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். இரண்டரை மாதமாகச் சோற்றைக் குறைத்திருந்தவளுக்கு அந்தச் சேமிப்புக் குதிர் பாதி காலியாக இருந்திருக்கும். மூன்று நாள் விருந்தில் அது நிரம்பியது. அவ்வளவுதான் நடந்தது.

(சோறு, மாவை ஒதுக்குகிற பேலியோ உணவுமுறையில் முதல் வாரமே மூன்று கிலோ போய்விட்டது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிற அத்தான்மார்களுக்கும் இதே கணக்குதான், தலைகீழாக. குதிர் காலியாகிறது, தண்ணீர் இறங்குகிறது. இரண்டு தோசை சாப்பிட்டால் திரும்ப வரும். அதற்குப் பிறகு நிதானமாகக் குறைவதுதான் நிஜக் கணக்கு.)

சரி, தேங்கியிருப்பது நீர்தான் என்று எப்படித் தெரியும்? வேகம் முதல் அடையாளம். ஒரு ராத்திரியில் ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வழியே இல்லை. அப்புறம் உடம்பில் போட்டிருப்பவற்றைப் பாருங்கள். மோதிரம் கழலவில்லை, மெட்டி விரலை அழுத்துகிறது, சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் கோடு விழுந்திருக்கிறது, காலையில் கண்ணுக்குக் கீழே லேசாக உப்பியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. குழி விழவில்லை என்பதற்காக நீர் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஒன்றிரண்டு லிட்டர் உடம்பெங்கும் பரவியிருந்தால் விரலுக்குத் தெரியாது. வயிறு மட்டும் கல்லாக இருந்து ஏப்பமும் காற்றுமாகப் போகிறதென்றால் அது உப்புசம், வேறு சங்கதி. அதற்கென்று பழ உப்பைக் கரைத்துக் குடிக்காதீர்கள். அதில் இருப்பதும் சோடியம்தான், உப்புசத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய் நீரைக் கூட்டிக்கொண்ட கதையாகும்.

இதற்கு மேல் படிக்குமுன் இன்னொன்று. கீழே சொல்லப்போவதெல்லாம் மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, சிவந்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலையில் முகமே வீங்கி இருக்கிறது, சிறுநீர் நுரைத்துப் போகிறது. வீக்கம் வாரக்கணக்கில் வடியாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எடை குறைப்பை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ரத்தக்கட்டு, இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு என்று அவர் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒற்றைக் கால் வீக்கத்தோடு மூச்சும் வாங்கினால் அன்றைக்கே, உடனே. மாசமாக இருக்கிற பெண்களுக்குக் கால் வீங்குவது சகஜம், வீட்டில் பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, அது ரத்த அழுத்தமாக இருக்கலாம்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, ஒரு டீஸ்பூன் தலைதட்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் வீடுகளில் இது குழம்பில் போடுகிற உப்போடு நிற்பதில்லை. இட்லி மாவில் உப்பு, கோசமல்லியில் உப்பு, மிளகாய்ச் சட்னியில் உப்பு, மத்தியானம் மோர் மிளகாய், மாவடு, அப்பளம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம். சாயங்காலம் தேன்குழல். மனகோலம் என்ற இனிப்பில் மட்டும் உப்பு கிடையாது என்று நினைத்து அதை ஒரு கை அள்ளினால் வெல்லமும் மாவும் மற்ற வழியில் வேலையைக் காட்டும். உப்புக்கண்டம் எனக்கு உயிர். உப்பும் மஞ்சளும் பிசிறி வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறி, அதைப் பொரித்து ரசம் சோற்றோடு தின்றால் அடுத்த நாள் மோதிரம் கழலாது, கழலாது என்றால் கழலவே கழலாது. கருவாடும் அப்படியே. விட்டுவிடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள், அன்றைக்கு அப்பளம் ஊறுகாய் வேண்டாம், மறுநாள் மெஷினில் ஏற வேண்டாம்.

இந்துப்பு போட்டால் நீர் கோக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இந்துப்பும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். கல்லுப்பு ஒரு ஸ்பூனில் கொஞ்சம் குறைவாகக் கொள்ளும், அந்த அளவுக்கு வித்தியாசம், எடைக்கு எடை பார்த்தால் ஒன்றுமில்லை. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று வருவதில் ஒரு பங்கு இடத்தைப் பொட்டாசியம் பிடித்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

நம் ஊர்ச் சமையலுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, உப்பைக் குறைத்தால் தாங்கும். மிளகு, சீரகம், சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று இத்தனை இருக்கும்போது நாக்குக்கு உப்பு ஒன்றுதான் கதி என்றில்லை. பூண்டைக் கூட்டி, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கால் பங்கு உப்பு குறைந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பச்சி மட்டும் கண்டுபிடித்தார், இரண்டாம் நாள். ஒரேயடியாகக் குறைக்காமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். வெண்டைக்காய் மண்டியில் மட்டும் எனக்கு இது கைகூடவில்லை, புளிப்பு எடுப்பாக இருப்பதால் உப்பு குறைந்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. அதனால் அதை மாதம் ஒருமுறை முழு உப்போடு செய்துவிடுகிறேன்.

விருந்து முடிந்து வந்த அன்றைக்கு என்ன செய்வது? பட்டினி கிடக்காதீர்கள். விருந்துக்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களோ அதற்கே திரும்பிப் போங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். உப்பை மட்டும் நன்றாகக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, முட்டையோ பருப்போ மீனோ வேளாவேளைக்கு இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். கீரை, வாழைப்பழம், இளநீர் இவற்றில் பொட்டாசியம் இருக்கிறது, உப்பை வெளியே தள்ள அது சிறுநீரகத்துக்கு உதவும் (மேலே சொன்ன சிறுநீரக எச்சரிக்கை இங்கேயும் உண்டு). மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பங்கு தானாக இறங்கிவிடும். பட்டினி போட்டால் இன்னொரு வம்பும் இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 பேரை 24 வாரம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்து ஆராய்ந்தார். ஆள் எலும்பும் தோலுமாக ஆன பிறகும் அவர்களுக்குக் காலும் முகமும் வீங்கின. கொழுப்பும் தசையும் கரைந்த இடத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. நாம் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை, ஆனால் கஞ்சியை மட்டும் குடித்து வாரக்கணக்கில் இருக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது இன்னொரு தப்பு. நீர்தானே தேங்கியிருக்கிறது, குடிக்காமல் இருந்தால் வடிந்துவிடும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. குடிக்காவிட்டால் சிறுநீரகம் இருக்கிற தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும். நம் ஊர் வெயிலில் இரண்டரை, மூன்று லிட்டர் தேவைப்படும். அளவைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். அதற்காக ஆறு லிட்டர் குடிப்பது வீண், சில சமயம் ஆபத்து. மோர் குடித்தால் உப்புப் போடாமல், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டு.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணீர் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார்கள். வாழைத்தண்டைப் பொரியலாகவும் கூட்டாகவும் வாரம் இரண்டு முறை செய்கிறேன், நல்ல காய், நார் இருக்கிறது, வயிறு நிறைகிறது. மருந்து என்று வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்கடி சிறுநீர் போனதால் எடை இறங்கியது என்றால் இறங்கியது தண்ணீர்தான், அது எப்படியும் இறங்கியிருக்கும்.

நீர் மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்துகிறேன். சொந்தக்கார ஆச்சி ஒருவர் தம் வீட்டுக்காரருக்கு இதயத்துக்காக எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்து என் கையில் வைத்தார், "ஒண்ணு போட்டாப் போதும், காலையில ரெண்டு கிலோ காணாமப் போயிரும்" என்று. காணாமல் போகும்தான். கூடவே பொட்டாசியமும் சோடியமும் போகும், தலை சுற்றும், கால் பிடித்து இழுக்கும், நெஞ்சு படபடக்கும், வெயில் காலத்தில் மயங்கியே விழலாம். நிறுத்தியதும் உடம்பு பயந்துபோய் முன்னைவிட அதிகமாக நீரைப் பிடிக்கும், மறுபடி மாத்திரை தேடத் தோன்றும். ஒரு கிராம் கொழுப்பு கரையாது. மாறாக, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையே நீர் கோப்பதற்குக் காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, சர்க்கரைக்குக் கொடுக்கிற பயோகிளிட்டசோன் இவையும் அப்படியே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "கால் வீங்குகிறது, இதனால் இருக்குமா" என்று கேளுங்கள், மாற்று மருந்து இருக்கும்.

காலில் கோக்கிற நீர் தனி ரகம். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயிலில் உட்கார்ந்து போய் எழும்பூரில் இறங்கும்போது செருப்பு நுழையாது. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றாலும் அப்படித்தான், அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம், சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கீழே இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் அது மேலே ஏறும். ஆகவே ரயிலில் மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது தடவை ஆட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் வளவில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, காலைத் தூணில் சாய்த்துத் தூக்கி இருபது நிமிஷம் வையுங்கள், பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எனக்கு இதைவிடச் சுகமான வைத்தியம் கிடையாது. தூண் இல்லாத வீட்டில் சுவர் இருக்கும்.

உடற்பயிற்சியால் எடை ஏறும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆடியில் குன்றக்குடி மலைப் படியைத் தினமும் மூன்று முறை ஏறி இறங்குவது என்று ஆரம்பித்தேன். நான்காம் நாள் தொடையெல்லாம் ரணம், எடை ஒரு கிலோ கூடுதல். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும், அவற்றைச் சரிசெய்ய அங்கே நீர் கூடும், கால் அடிபட்டால் வீங்குகிற மாதிரிதான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அத்தனை நாள் நடந்தும் எடை அசையவே இல்லை, கூடிப்போயிருக்கிறது என்பார்கள். வலி போக ஒரு வாரம், சில பேருக்கு இரண்டு வாரம், அதோடு அந்த நீரும் போகும். இந்த நேரத்தில் பயிற்சியை விட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவதும் வேண்டாம், அதுவே நீர் கோக்கவைக்கும் என்று மேலே சொன்னேன்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின சில நாட்கள் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறி, தொடங்கிய சில நாளில் இறங்கும். அந்த வாரத்து எடையை அதற்கு முந்தின வாரத்தோடு ஒப்பிட்டால் அழுகைதான் வரும், போன மாதத்து அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

எடை பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி துணியில். மெஷின் கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கு அருமை, மிதியடி மேலோ பாய் மேலோ வைத்தால் கணக்கு தப்பும். தினமும் பார்த்து எழுதி, ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தினசரி எண் மனதைக் கெடுக்கும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தையல்காரர் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்தால் போதும். எனக்குத் தேவகோட்டையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இடுப்பு அரை அங்குலம்தான் கூடியிருக்கும். அன்று டேப்பை எடுத்திருந்தால் சீடைத் தூக்கு பிழைத்திருக்கும்.

ஆவணியில் கானாடுகாத்தானில் இன்னொரு கல்யாணம் வந்தது. இந்த முறை கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வேண்டிய மட்டும் சாப்பிட்டேன், ஊறுகாயையும் அப்பளத்தையும் இலையில் ஓரமாகத் தள்ளினேன், திரும்பி வந்து ஐந்து நாள் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். கட்டிக்கொடுத்த பலகாரத் தூக்கைத் திறக்காமலே பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்தாயிற்று. ஆறாம் நாள் ஏறிப் பார்த்தால், போவதற்கு முன் இருந்ததைவிட 200 கிராம் கூடுதல். ஆச்சி தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே நான்கு தேன்குழல் போட்டிருந்தார்.